ஒரே ஓட்டம்

நாற்பது வருடத்து ஒலிநாடா இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்று தேவசகாயத்துக்குத் தெரியும். நேற்று சோதித்தபோதே தூள் உதிர்ந்தது. இன்று அதன் பாட்டை ஊசி நேராக இசைத்தட்டில் கீறிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் தட்டு பாழ். 'கணினி தொடாத ஒலி' என்று உறைகூட அச்சாகிவிட்டது. பின்னால், தட்டை வெளியிடும் ரிஸ்வான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாடகரின் மனைவி குணவதி, அவரும் கண்மூடி.

மூன்றாவது சரணத்தில் குரல் மங்கத் தொடங்கியது. நேற்றைய சோதனை ஓட்டத்திலேயே ரகசியமாகக் கணினியில் பிரதி எடுத்து, பழக்க தோஷத்தில் கரகரப்பு, கனைப்பையெல்லாம் துடைத்து, ஆபத்துக்கு உதவட்டும் என்று சத்தமில்லாமல் கூடவே ஓடவிட்டிருந்தார் தேவசகாயம். திரும்பிப் பார்த்தார். குமிழை நாடாவிலிருந்து கணினிக்குத் திருப்பினார். குரல் பளிச்சென்று எழுந்தது. நாடா சும்மா சுழன்றது.

"ஆகா! டேப்புன்னா டேப்புதான் சார்!" என்றார் ரிஸ்வான்.

தேவசகாயத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குணவதி கண்ணைத் திறந்தார்.

"பாடினப்ப நானும் கூடத்தான் இருந்தேன். இந்த இடத்துல ஒருதரம் இருமினாரே, தம்பி?"

ஊசி நிற்காமல் கீறிக்கொண்டே போனது.