விளையாட்டு பீரியட்

பேச்சு வகுப்பில் பேச்சு வாத்தியார் மட்டும்தான் பேசுவார். பிள்ளைகள் கொட்டாவி விடலாம், அதுவும் சத்தமில்லாமல். ஆகவே, குரலே எழும்பாத 'பூனை' என்கிற மாணவி மணி அடித்தபிறகும் போகாமல் வந்து நின்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், வாரத்துல இன்னொரு விளையாட்டு பீரியட் வேணும்னு ஹெச்.எம். மேடத்துகிட்ட கேக்கணும். வகுப்புல சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க, என் பேர் வந்துடுச்சு. மேடத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குது சார்."

"அட, இதுக்கா பயம்? நிமிர்ந்து நில்லு. வந்த விஷயத்தை முதல்லயே சொல்லிடு, வளவளன்னு இழுக்காதே. அவங்க கண்ணைப் பார்த்துப் பேசு. சரி, மாட்டேன்னு சொல்ல அவங்க என்ன காரணம் சொல்லுவாங்க?"

"நேரம் எங்கே இருக்குன்னு கேப்பாங்க சார்."

"அப்ப எந்தப் பாடத்தோட நேரத்தை எடுக்கலாம்னு நீயே சொல்லிடு. சொல்லிட்டு வாயை மூடிக்கோ. அதுக்கப்புறம் அவங்கதான் பேசணும்."

இருட்டும்வரை ஒத்திகை நடந்தது. மறுநாள் மத்தியானம் பூனை துள்ளிக்கொண்டு வந்தாள்.

"கிடைச்சிடுச்சு சார்!"

"நான் சொன்னேன்ல! யார் தலையில கை வச்சே? கணக்கு வாத்தியாரா?" என்றார். அவருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் ஆகாது.

"இல்ல சார், உங்க வகுப்பைத்தான் சொன்னேன். 'இவ்வளவு நல்லாப் பேசுற பசங்களுக்கு இனிமே பேச்சு வகுப்பு எதுக்கு'ன்னு மேடம் உடனே ஒத்துக்கிட்டாங்க."