நீர் குடிக்கும் கரு

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கணவனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருக்கும் நுண்ணோக்கித் திரையைப் பார்க்கிறார்கள். உறைய வைத்திருந்த கருக்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். குளிரிலிருந்து வெளியே வந்த அந்தச் சின்ன உருண்டை, நீர் வற்றிச் சுருண்டு கிடக்கிறது. ஜன்னலில் காலை வெயில். ஏசி மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து ஆய்வகப் பெண் தலையை நீட்டுகிறாள். "பயப்படாதீங்கக்கா. உறையும்போது உள்ள இருக்கிற தண்ணி பனிக்கட்டியாகி செல்லைக் கிழிச்சிடும்னு நாங்கதான் தண்ணிய வெளியேத்தினோம். இப்போ சத்துத் தண்ணியில விட்டிருக்கேன். சவ்வுக்கு உயிர் இருந்தா அதுவே உள்ள இழுத்துக்கும்." "காலையில எழுந்திரிக்க மனசில்ல போல. உன் பிள்ளையேதான், சந்தேகமில்ல" என்கிறான் கணவன். திரையில் ஓரமாக ஒரு சுருக்கம் நிமிர்கிறது. கண்தான் ஏமாற்றுகிறதோ? இல்லை, இன்னொன்றும் விரிகிறது. சவ்வின் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் வழியாக நீர் உள்ளே போகப் போக, செல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு புடைக்கின்றன. நடுவில் பிறை போல ஒரு வெளிச்சம் பிறக்கிறது. "என்னங்க..." என்று அவன் கையைப் பற்றுகிறாள். கதவு திறக்கிறது. "வாங்கக்கா, கருவை உள்ள வைக்க டாக்டர் கூப்பிடறாங்க." இன்னும் எதையும் சுமக்காதவள், நிறைகுடம் சுமப்பவளைப் போல அடிமேல் அடி வைத்து உள்ளே போகிறாள்.