டூட்டி கட்டிய போன்

அருள்மேரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில். செல்போன் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டே, "அங்கிள், எங்கப்பா சாப்பிடாம வெறும் டீயே குடிச்சுகினு இருந்தா திட்டுங்க" என்றாள்.

அடுத்த வாரம் டெங்கு. போய்விட்டாள்.

இருதயசாமி அண்ணனுக்கு அவள் ஒரே மகள். மனைவி முன்னமே போய்விட்டாள், என் மனைவியைப் போல.

அந்த வருஷம், 2010 டிசம்பரில், நானும் அண்ணனும் டெனிசன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். போஸ்ட்மேன் பரசுராமன் சைக்கிளை நிறுத்தினார்.

"இருதயசாமி, உனக்கு துபாய்லேர்ந்து பார்சல். செல்போனாம். கஸ்டம்ஸ் டூட்டி ஆயிரத்து நூறு, எங்க ஆபீஸ் சார்ஜ் தனி. கட்டுனாத்தான் கையில குடுப்பேன்."

டெனிசன் டீ ஆற்றுவதை நிறுத்தினான். "இன்னாண்ணே, ஃபாரின் போனா? கட்டுற டூட்டிக்கே இங்க ஒரு போன் வாங்கிடலாமே!"

"ஊருக்கு வர்றவன் யார்கிட்டயாவது சொல்லியிருந்தா பாக்கெட்டுல போட்டுகினு வந்திருப்பான். வாணாம்னு ஒரு கையெழுத்து போடு, திருப்பி அனுப்பிடறேன்" என்றார் பரசுராமன்.

"அய்யோ, அனுப்பிடாதப்பா!" அண்ணன் எழுந்தேவிட்டார். "இந்த மாடல் இனிமே வராதாம். இத வுட்டா கிடைக்காது."

உள்பையிலிருந்து பணத்தை எடுத்தார். ஒழுகுகிற கூரைக்கு ஷீட் வாங்க வைத்திருந்தது அது. எனக்குத் தெரியும்.

"பொண்ணு செத்து வருஷம் திரும்பல. அதுக்குள்ள ஃபாரின் போன் ஆசையப் பாரு" என்று டெனிசன் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தான். அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

பார்சலைப் பிரித்தார். பேட்டரி போடத் தெரியவில்லை. டெனிசன் வாங்கிப் பின்மூடியைத் திறந்தான். திறந்தவன் சிரித்தான்.

"நல்லா ஏமாத்திட்டாண்ணே! மேட் இன் இந்தியான்னு போட்டுகீது. நம்ம கம்பெனி மாலு! நம்ம பக்கத்துலயே செஞ்சதுக்கு துபாய்க்காரனுக்கும் காசு குடுத்து, கவர்மெண்டுக்கும் டூட்டி கட்டிக்கிறியே!"

கடையே சிரித்தது. பரசுராமனும் சிரித்தார்.

"தெரியும்பா" என்றார் அண்ணன். "இந்த மாடல் நம்ம நாட்டுல விக்கிறதில்ல. அத்தினியும் வெளிநாட்டுக்குப் போயிடும். கேட்ல பைய செக் பண்ணித்தான் அனுப்புவான், ஒண்ணுகூட வெளிய வராது. அருள்மேரி கூட வேலை செஞ்ச ஃபெபிதான் நெட்ல தேடிக் குடுத்தா."

சிரிப்பு நின்றுவிட்டது.

"பட்டன் டெஸ்டிங் அவ வேலை. ஒவ்வொரு போன்லயும் எல்லா பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டுத்தான் டப்பாவுக்கு அனுப்புவா. இது அவ விரலு பட்டதோ இல்லியோ, யாருக்குத் தெரியும்..."

டெனிசனின் கை ஈரம் போனில் பட்டிருந்தது. அவசரமாகத் தோள் துண்டை எடுத்தான்.

"தொடைக்காதப்பா" என்றார் அண்ணன்.

அண்ணனும் இப்போது இல்லை. போன் என்னிடம் இருக்கிறது, தூசியோடு.