சாமை மூட்டை

டோலிக்குப் பின்னாலேயே மலைச்சரிவில் ஓடினாள் ஆராய்ச்சியாளர் மணிமொழி. “மெதுவா போங்கண்ணே! உங்க கால்ல விழுறேன்!”

நோயாளிக்குப் பதில் டோலியில் சாமை மூட்டையை வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் ஒத்திகை அது. ஒரு மணி நேரம் தாண்டினால்தான் அரசு சாலை போடும். பாதி வழியில் காத்திருந்து சேர்ந்துகொண்ட அவளை, சுமந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நாப்பது நிமிஷத்துல எறங்கிட்டா ஊருக்கு ரோடே கெடையாது! இந்த வீராப்பை இன்னைக்கா காட்டணும்?”

டோலிப் போர்வைக்குள்ளிருந்து வளையல் அணிந்த கை ஒன்று வெளியே வந்து, அவள் துப்பட்டாவை இறுகப் பிடித்தது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

“மூட்டைய ஊர்லயே எறக்கிட்டோம் தாயி,” என்றார் முன்னால் சுமந்த சடையன், வேகத்தைக் குறைக்காமல். “உள்ள எம் மவ. பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு.”