கடைசி எழுத்து

"வேணாம்னு சொல்லிடு, சந்திரம்மா. காரணம்லாம் கேக்காத."

வரன் கொண்டுவந்தவளிடம் பேச்சை முடித்துவிட்டுப் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள் கோவிந்தம்மா.

லேப்டாப்பிலிருந்து பிரவீனா தலையைத் தூக்கினாள். "டில்லிபாபுவையாம்மா வேணாம்னே?"

"ஆமா."

"கம்பெனி பஸ்ல தினம் எழுந்து உனக்கு சீட்டு குடுக்கறாரு, தங்கமான புள்ளன்னு நீதான சொன்னே? எனக்கும் புடிச்சிருக்குன்னு சொன்னேன்ல?"

"நல்ல புள்ளதான். நான் இல்லங்கல. வுடு."

பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்காக அவள் எழுதிக்கொண்டிருக்கும், பஸ் சீட்டு பதிவு செய்யும் புது வெப்சைட். அதே தொழிற்சாலை கேன்டீனில்தான் கோவிந்தம்மா சமைக்கிறாள்.

மகள் அழுவது பொறுக்காமல் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"தோ, எம் பேரு! ஏன்டி அழிஞ்சாப்ல கீது?"

"கான்ட்ராக்ட் ஆளுங்க பேரெல்லாம் அப்படித்தான் தெரியும். பர்மனென்ட் ஆளுங்க எடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான் இனிமே உங்களுக்கு சீட்டு."

"நான் கான்ட்ராக்ட்டுன்னு இதுக்கு யார் சொன்னது?"

"ஒவ்வொரு பேரோடயும் ஐடி நம்பர் இருக்கும்மா. அது எதுல முடியுதுன்னு பாக்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினேன். 'சி'ல முடிஞ்சா பேரு மங்கிடும்."

"முன்னாடி கீறதெல்லாம்?"

"பாக்காது."

"பதினோரு வருஷமா அந்த அடுப்புல வேவுறனே, அது?"

"பாக்காதும்மா. கடைசி எழுத்து மட்டும்தான்."

கோவிந்தம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்த முட்டி வலியோட தினம் ஒரு மணி நேரம் நின்னுகினு வரணுமா? ஆள் யாரு, எப்படின்னு பாக்க மாட்டாங்களா? ஒரு எழுத்த வெச்சு மனுஷன ஒதுக்குவாங்களா? பெத்தவ பேர மங்க வைக்க உனக்கு எப்படிடி கை வந்துச்சு?"

"எங்க மேனேஜர் ஸ்ரீதர் சார் சொன்னதச் செஞ்சேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"அந்தாளுக்குப் போனப் போடு. நானே கேக்கறேன்."

"வேணாம்மா."

"போடுடி! எனக்கு இன்னா பயம்? எம் போனை எடு. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்கறேன்."

பிரவீனா கட்டிலில் கிடந்த போனை எடுத்துத் திறந்தாள். கோவிந்தம்மா கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த படம் மூடாமல் அப்படியே இருந்தது. சந்திரம்மா அனுப்பிய, டில்லிபாபுவின் கம்பெனி ஐடி கார்டு.

விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கியதில் அவன் முகம் திரைக்கு வெளியே போயிருந்தது. பேரும் போயிருந்தது.

திரை முழுக்க 'சி' மட்டும் நின்றது.