படுத்துப் பார்த்த டிவி

விருதுநகர் கடையில் பிளாஸ்மா டிவியும் எல்சிடி டிவியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மல்லாங்கிணற்று விவசாயி சிவபாண்டி, தோள் துண்டை விரித்துத் தரையில் இடதுபுறமாகப் படுத்துவிட்டார்.

கடைக்காரர் முகைதீன் பதறினார். "அண்ணாச்சி, சேர் போடவா?"

"வேண்டாம் பாய். படுத்தே பாக்கேன்."

சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டார் முகைதீன். "எல்சிடி எடுங்க. கரண்டு கம்மி, சூடும் ஆகாது."

"கீழ இருந்து பாத்தா அதுல படம் வெளுத்துப்போகுதே. பிளாஸ்மா அப்படியே இருக்கு."

கால் மணி நேரம் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்தார். "பிளாஸ்மாவே குடுங்க."

"படுத்துப் பாக்கதுதான் உங்களுக்குப் பிடிக்குமோ?"

"எனக்கு டிவி பாக்க ஏது பாய் நேரம்? எம் பொஞ்சாதி மாசமா இருக்கா. ஏழு வருசம் கழிச்சுத் தங்கியிருக்கு. பிரசவம் வரைக்கும் நடமாடக் கூடாது, இடது பக்கமாவே படுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. அஞ்சு மாசம் அவ எப்படிப் பாப்பாளோ, அப்படிப் பாத்துத்தானே வாங்கணும்?"

முகைதீன் அளவு நாடாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நானே வந்து மாட்டித் தாரேன் அண்ணாச்சி. தங்கச்சியோட கட்டிலப் பாத்துத்தான் சுவத்துல ஆணி அடிக்கணும்."