உறவுமுறை: அண்ணன்

தாயில்பட்டிப் பக்கம் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு செய்யும் ஒரு தகர செட்டில் ராஜபாண்டியன் போர்மேன். வேலை செய்கிறவர்களுக்குத் தீக்காயம் பட்டால் அவரே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அவ்வளவு நல்ல மனசு. வழி நெடுக ஒரே பாடம்தான் நடத்துவார்.

“ஏத்தா மூக்கம்மா, ஆரு கேட்டாலும் வீட்டு அடுப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்லணும். செட்டுன்னு வாயத் தொறந்தே, உன் மகளுக்கும் இங்கன வேலை கிடையாது.”

முழங்கை வரை வெந்துபோன மூக்கம்மாள் அப்படியே சொன்னாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில், கூட வந்தவர் என்ற இடத்தில் ராஜபாண்டியன் தன் பெயரையும் செல்போன் நம்பரையும் எழுதினார். உறவுமுறைக்கு அண்ணன் என்று போட்டார். நாலு வருஷத்தில் அவருக்கு இப்படி நாற்பத்தோரு தம்பி தங்கைகள் சேர்ந்திருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பழைய கேஸ் சீட்டுகளை அதற்குள் ஏற்றிவிட்டால், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் தீக்காயத்தோடு வருகிறார்கள், எதனால் வருகிறார்கள் என்று அதுவே படித்துச் சொல்லிவிடுமாம். மனிதரிடம் மறைக்கலாம், மெஷினிடம் மறைக்க முடியாது என்று ரிப்பன் வெட்டியவர் மேடையில் முழங்கினார்.

மூக்கம்மாளை வேவு பார்க்க வந்த ராஜபாண்டியனிடம் நர்ஸ் பாண்டிமீனா செய்தி சொன்னாள்.

“அண்ணாச்சி, உங்க ஊர்ல மட்டும் ஏன் இம்புட்டுத் தீக்காயம்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருச்சு. நாளைக்கு அதிகாரிக போலீஸோட தாயில்பட்டிக்கு வாறாக.”

ராஜபாண்டியன் கணக்குப் போட்டுப் பார்த்தார். செட்டுக்கு சீல், தனக்கு ஜெயில். ஆனாலும் மனிதர் பழம் தின்று கொட்டை போட்டவர். சோதனை வருகிறது என்றால் சரக்கை வேலையாட்கள் வீட்டுக்கு மாற்றிவிடுவது அவருக்குப் பழகிய வேலைதான். மகளும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்ததால் மூக்கம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வெடிமருந்து மூட்டைகளும் பட்டாசுப் பெட்டிகளும் அந்த ஒற்றை அறை வீட்டில், அடுப்படி வரை கூரை முட்ட ஏறின. செட்டைக் கழுவிவிட்டு ராஜபாண்டியன் இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்து கட்டினார். யார் கேட்டாலும் ஆட்டுக்கொட்டகை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக ராஜபாண்டியன் கும்பிட்டு நின்றார். ஜீப்புகள் செட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊருக்குள் போய்விட்டன.

கம்ப்யூட்டராம் கம்ப்யூட்டர் என்று ஆடுகளிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் செல்போன் அடித்தது. பேசியது போலீஸ் எஸ்.ஐ.

“மூக்கம்மாளோட அண்ணன்தான நீங்க? வீடு பூட்டியிருக்கு, சாவியோட உடனே வாங்க. இந்த ஊர்ல அடுப்புதான் வெடிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லியிருக்கு, முதல்ல உங்க தங்கச்சி வீட்டு அடுப்பப் பாக்கணும்.”